தோற்ற ஆட்டத்தின் தாள்

பெற்றோர்களே, விளையாட வந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

செஸ் போட்டி நடக்கும் மண்டப வாசலில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. பிள்ளை கண் கலங்கி வெளியே வருகிறது. அப்பா, மூவ்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டை வாங்கிக் கைப்பேசியில் போட்டு, ஆட்டத்தை அலசும் என்ஜின் நிரலை ஓடவிடுகிறார். அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "58-வது மூவ்ல கோட்டை விட்டுட்ட!" அது பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததால்தானே அழுகிறது.

என்னிடம் பயிலும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் ரூக் எண்ட்கேமில், அதாவது யானைகளோடு சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்தில், தோற்றான். எதிராளியிடம் ரூக்கும் நடுப்பக்கச் சிப்பாய் ஒன்றும். இவனிடம் ரூக் மட்டும். இவனுடைய ராஜா அந்தச் சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறது. தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் ரூக்கை நிறுத்தி, எதிராளியின் ராஜாவை உள்ளே விடாமல் காக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசையில் கால் வைத்ததும் ரூக்கை மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னாலிருந்து செக் கொடுத்துக்கொண்டே இருந்தால் டிரா. 18-ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் காட்டிய வழி. இவன் அதை எனக்கே பலமுறை போட்டுக் காட்டியவன். அன்று ரூக்கை முதல் வரிசைக்கு இழுத்துக்கொண்டு தோற்றான்.

"எண்ட்கேம் கிளாஸ் இன்னும் நாலு வையுங்க சார்" என்றார் அவன் அம்மா. நான் என்ஜினைத் திறக்கவில்லை. போர்டில் காய்களை அடுக்கி, முதல் மூவிலிருந்து அவனையே பேசச் சொன்னேன். ஒவ்வொரு மூவுக்கும் பக்கத்தில் கடிகாரத்தில் மிச்சமுள்ள நேரத்தைக் குறிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டு. 14-வது மூவில் மட்டும் 26 நிமிடம் கரைந்திருந்தது.

"இங்க என்னப்பா யோசிச்ச?"

"குதிரைக்கு ரெண்டு எடம் இருந்துச்சு சார். ரெண்டுமே நல்லாதான் இருந்துச்சு. தப்பான எடத்துல வச்சா நீங்க திட்டுவீங்கன்னு..."

எண்ட்கேம் வந்தபோது, மூவுக்கு மூவு கூடும் 30 விநாடியில்தான் அவன் உயிர் பிடித்துக்கொண்டிருந்தான். தோல்வி 58-வது மூவில் வெளியே தெரிந்தது. 14-வது மூவிலேயே தொடங்கிவிட்டது. அதில் என் பங்கும் இருந்தது. என்ஜின் இதைச் சொல்லியிருக்காது. அது காய்களைத்தான் பார்க்கும், பயத்தைப் பார்க்காது.

பெரிய ஆட்டக்காரர்களும் தங்கள் தோல்வியை இப்படித்தான் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1960-இல் போத்வின்னிக் தன் உலகப் பட்டத்தை 23 வயது டாலிடம் இழந்தார். நம் ஆனந்த் சிறுவனாக விளையாடிய சென்னை கிளப்புக்கு அந்த டாலின் பெயர்தான். போத்வின்னிக்குக்கு அப்போது 48 வயது. தோற்ற ஆட்டங்களைக் குடைந்து பார்த்தார். காய்களைப் பலிகொடுத்துப் பலகையைக் கலக்கிவிடும் நிலைகளில்தான் டால் புலி. அடுத்த ஆண்டு மறுபோட்டியில் அந்தக் கலக்கத்துக்கு இடம் தராமல், அமைதியான நிலைகளுக்கும் எண்ட்கேமுக்கும் ஆட்டத்தை இழுத்தார். 13–8 என்று பட்டம் திரும்பி வந்தது. பிறகு தன்னிடம் வந்த கார்ப்போவ், காஸ்பரோவ் போன்ற சிறுவர்களையும் சொந்த ஆட்டங்களுக்குக் குறிப்பு எழுத வைத்தார்.

நம் குகேஷ் 2024 ஏப்ரலில் உலகச் சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் டொரொன்டோ கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில், நேர நெருக்கடியில் ஃபிரூஜாவிடம் தோற்றார். மறுநாள் ஓய்வு. பின்பு ஏழு சுற்றுகளில் ஒன்றிலும் தோற்கவில்லை. பதின்மூன்றாவது சுற்றில் அதே ஃபிரூஜாவை வென்றார். 14-க்கு 9 புள்ளி, தனி முதலிடம். அந்தத் தோல்விதான் திருப்புமுனை என்று அவரே சொன்னார்.

என் மாணவனுக்கு நான் கூடுதல் எண்ட்கேம் வகுப்பு வைக்கவில்லை. இரண்டு மூவும் சரியாகத் தோன்றும் நிலைகளாகத் தேடிக் கொடுத்து, ஐந்து நிமிடத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கப் பழக்கினேன். ஏன் அதைத் தேர்ந்தான் என்று அவன் சொல்லி முடிக்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. நடுவில் குறுக்கிடுவது என் பல வருடப் பழக்கம். அதை விடுவது எனக்குச் சுலபமாக இல்லை.

அடுத்த போட்டியிலும் ஓர் ஆட்டம் தோற்றான். இம்முறை யாரும் தாளை வாங்கிப் பார்க்கவில்லை. அவனே நேராக என்னிடம் வந்து, ஷீட்டை மேஜையில் விரித்து, "சார், இன்னிக்கு வேற எடம்" என்று 31-வது மூவில் விரலை வைத்தான்.