ஏரிக்கரையில் நார்சிசஸ்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மே மாதம் கோடை விழாவுக்கு ஏற்காடு போனோம். உறவுக்காரர் ஒருவரின் புது கார். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிகிறவரை காரின் புராணம்தான். ஏரிக்கரையில் இறங்கினால், பக்கத்தில் அதைவிடப் பெரிய கார் ஒன்று வந்து நின்றது. மனிதரின் முகம் செத்துவிட்டது. வாங்கிக் கொடுத்த மிளகாய் பஜ்ஜியைக்கூட அவர் முடிக்கவில்லை.

தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்து, விட்டு நகர முடியாமல் கரையிலேயே உயிரை விட்ட கிரேக்கக் கதை இளைஞன் நார்சிசஸ். அவன் பெயரிலிருந்துதான் நார்சிசம் என்ற சொல் வந்தது. தமிழில் தன்மோகம் என்கிறோம். எனக்கு இந்தப் பெயரில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நார்சிசஸுக்குப் பக்கத்தில் யாரும் தேவைப்படவில்லை. நம் ஆட்களை ஏரிக்கரையில் தனியாக விட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் தாங்காது. பார்க்க ஒருவர் வேண்டும், அவரைவிட நாம் ஒரு படி மேலே இருக்கவும் வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். தன்மோகத்தை ஒரு ஆளுமைக் கோளாறாக அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1980இல் தங்கள் கையேட்டில் சேர்த்தார்கள். அந்தப் பட்டத்தை என் உறவுக்காரருக்குச் சூட்ட எனக்கு உரிமை கிடையாது. கார் பைத்தியம், அவ்வளவுதான்.

ஒப்பிடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். நம் திறமையை அளக்கக் கையில் அளவுகோல் இல்லாதபோது அடுத்தவரை வைத்து அளந்துகொள்கிறோம் என்று அமெரிக்க உளவியலாளர் லியான் பெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். அதுவும் நமக்குக் கிட்டத்தில் இருப்பவரை வைத்துத்தான். சேலம் அம்மாப்பேட்டை நெசவாளி கோடீஸ்வரனைப் பார்த்துப் பொருமுவதில்லை, அடுத்த தறிக்காரரைப் பார்த்துத்தான் பொருமுவார். தன்மோகக்காரருக்கோ ஒவ்வொரு அளவையிலும் தன் தட்டே கனமாக இருந்தாக வேண்டும். இல்லையென்றால் கோபம், அல்லது எதிராளி மேல் இளக்காரம். இதில் சத்தம் போடாத வகையும் உண்டு. வெளியே கூச்சம், உள்ளே ‘என் அருமை யாருக்கும் தெரியவில்லை’ என்ற புகைச்சல். அவரைத்தான் நாம் ‘பாவம், சாது’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களைக் காணொளியில் காட்டி, யார் மகிழ்ச்சியாகத் தெரிகிறார்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். வெண்கலக்காரர்கள்தான் வெள்ளிக்காரர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளி வாங்கியவர் தவறிப்போன தங்கத்தை நினைக்கிறார், வெண்கலம் வாங்கியவர் வெறுங்கையோடு போகும் நான்காமவரை. (செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்காரர்கள் மன்னிக்க வேண்டும், நான் வெள்ளியைக் குறை சொல்லவில்லை!)

இந்த மோகம் எங்கே முளைக்கிறது? நெதர்லாந்தில் 565 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. ‘மற்ற பிள்ளைகளைவிட நீ ஒசத்தி’ என்று பெற்றோர் தூக்கி வைத்த குழந்தைகளிடம் பின்னால் தன்மோகம் கூடியது. வெறும் பாசம் காட்டியவர்களின் குழந்தைகளிடம் கூடியது தன்மதிப்பு. இரண்டும் ஒன்றின் சிறிய அளவும் பெரிய அளவும் என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் படித்தவன்தான் நான். பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று பேத்தி போன் செய்தாள். “தாத்தா, ரிசல்ட் வந்துருச்சு!” என்றாள். என் வாயில் வந்தது, “யாரும்மா ஸ்கூல் பர்ஸ்ட்?”

“என் மார்க்கை முதல்ல கேளுங்க தாத்தா.”

கேட்பதற்குள் பாட்டி போனைப் பிடுங்கிக்கொண்டாள். நன்றி, வணக்கம்.