பெரிய அரங்கமா, சின்ன மேடையா? நான் சின்ன மேடை பக்கம்

நடுவர் ஐயாவுக்கும், பிரிக்பீல்ட்ஸ்ல பார்க்கிங் தேடி நாலு ரவுண்டு சுத்திட்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்க எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு, கேஎல்ல, அதான் நம்ம கோலாலம்பூர்ல, இசைய வளர்த்தது பெரிய அரங்கமா, சின்ன மேடையா. எனக்கு முன்னாடி பேசின எதிரணி அக்கா பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கத்துல ஆரம்பிச்சு புக்கிட் ஜாலில் ஸ்டேடியம் வரைக்கும் போயிட்டு, கடைசில சின்ன மேடைனா என்ன, பார் மூலைல நாலு பேர் வாசிக்கிறது, அவ்ளோதானேன்னு ஒரு போடு போட்டுட்டு போய் உட்கார்ந்துட்டாங்க.

சரிக்கா, உங்க பில்ஹார்மோனிக் அரங்கத்துல இருந்தே வர்றேன். அது தொறந்தது 1998 ஆகஸ்ட்டு. அந்த வருஷம் எப்படி இருந்துச்சுனு பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஆசிய நிதி நெருக்கடி, கம்பெனிலாம் ஆள் குறைக்குது, செப்டம்பர்ல ஒரு டாலருக்கு 3.80 வெள்ளினு கட்டிப் போட்டாங்க. பெட்ரோனாஸ்கிட்ட எண்ணெய் காசு இருக்கு, கட்டுச்சு, தப்பே இல்ல. ஆனா அதே 1998ல ஜாலான் மெசுய்ல ஈவ்லின் ஹீனு ஒரு அம்மா, முதுகுக்குப் பின்னாடி எந்த எண்ணெய் கம்பெனியும் இல்லாம நோ பிளாக் டைனு ஒரு சின்ன இடத்த தொறக்கிறாங்க. பாடகர் பீட் தியோ மாதிரி ஆளுங்க சொந்தமா எழுதின பாட்ட ஜனங்க முன்னாடி பாடிப் பார்த்தது அங்கதான். அந்த மாதிரி ரூம்ல உட்கார்ந்து பார்த்திருக்கீங்களா? கிட்டார் கம்பில விரல் உரசுற சத்தம் கேக்கும், ஒரு நோட் பிசகினா முன் டேபிள்காரர் முகத்துலயே தெரிஞ்சிடும், பாடி முடிச்சவனே குனிஞ்சு கேபிள சுருட்டுவான். கத்துக்கிறதுன்னா அதுதாங்க.

பாருனு கேலி பண்ணீங்களே, அதுக்கும் கணக்கு இருக்கு. வாசல்ல வாங்குற டிக்கெட் காசு வாசிக்கிறவங்களுக்கே பத்தாது, வாடகை, கரண்ட் பில்லு எல்லாம் சாப்பாட்டுலயும் தண்ணிலயும்தான் வரணும். அதுக்கு மேல 1992 பொழுதுபோக்குச் சட்டப்படி மாநகராட்சி டிபிகேஎல்கிட்ட லைசென்ஸ், வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் வந்து வாசிக்கணும்னா புஸ்பால்ங்கிற அரசாங்கக் குழுகிட்ட அனுமதி. பெரிய கம்பெனிக்கு இதுக்குனு ஒரு டிபார்ட்மென்ட்டே இருக்கும், சின்ன இடத்துல பில் போடுற ஆள்தான் விண்ணப்ப பாரமும் நிரப்பணும்.

பாரமாச்சும் பரவால்ல. அம்பாங்ல ரூமா அப்பினு பங்க் ராக் பாட்டு வாசிக்கிற ஒரு சின்ன இடம். 2015 ஆகஸ்ட் 28, நியாயமான தேர்தல் கேட்டு நடந்த பெர்சே 4 பேரணிக்கு முந்தின ராத்திரி, உள்ள கச்சேரி நடந்துகிட்டு இருக்கிறப்ப போலீஸ் வந்து கிட்டத்தட்ட 160 பேர அள்ளிட்டுப் போச்சு. எனக்கு பங்க் பாட்டு காதுல ஏறாது, ஒத்துக்கிறேன், ஆனா பில்ஹார்மோனிக்ல வயலின் வாசிச்சவங்கள யாராவது இப்படி லாரி ஏத்தி பார்த்திருக்கீங்களா?

அப்புறம் கோவிட். 2020 மார்ச் 18 பூட்டு விழுந்துச்சு, சலூன் தொறந்துச்சு, மாமாக் சாப்பாட்டுக் கடை தொறந்துச்சு, நைட் கிளப்புக்கு மட்டும் 2022 மே 15 வரைக்கும் காத்திருங்கன்னாங்க. அதே வருஷம் புடு ஜெயில் இருந்த எடத்துல ஜப்பான்காரன் ஜெப் அரங்கத்த தொறக்கிறான், நல்லா இருக்கு, சவுண்டும் சூப்பர். ஆனா அங்க ஏறி நிக்கிற உள்ளூர் பேண்டு அதுக்கு முன்னாடி எங்க வாசிச்சுப் பழகுச்சாம்?

நம்ம ஆளுங்களயே பாருங்க. பினாங்கு அலிகேட்ஸ் பேண்டு, ஆறுமுகம் வீட்டு அண்ணன் தம்பி, நாடே பாடுற மலாய் பாட்டுக்கு முன்னாடி ஹாங்காங் கிளப்புகள்ல வாசிச்சு தேறினவங்க. ஈப்போ பால் பொன்னுதுரை, கிட்டார்ல அப்படி ஒரு கை, 2012ல சாகுற வரைக்கும் அவர தேடிப் போய் கேட்டது சிங்கப்பூர்ல சின்னச் சின்ன இடத்துல. ரெண்டு பேருக்கும் மேடை வெளியூர்ல கிடைச்சுது, அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

மணி அடிச்சிட்டீங்க ஐயா, ஒரு நிமிசம். அடுத்து வர்ற எதிரணி அண்ணன், முதல் கச்சேரியே புக்கிட் ஜாலில்ல பண்ணின உள்ளூர் பாடகர் ஒரே ஒருத்தர் பேரு சொல்லட்டும். சொன்னார்னா தீர்ப்ப இப்பவே அவங்க பக்கம் எழுதிக்குங்க.