பூண்டு உரிப்பவர் பெயரில் ஒரு கார்

நேயர்களுக்கு வணக்கம். செயற்கை நுண்ணறிவுக்கு நம் நாட்டில் கடிவாளம் இருக்கிறதா என்று பேசக் கூப்பிட்டார்கள். எனக்கும் கம்ப்யூட்டருக்கும் பெரிய நெருக்கம் கிடையாது. வட்ட வழங்கல் அலுவலகங்களில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, நீக்குவது, திருத்துவது, இவைதான் எனக்குத் தெரிந்த வித்தை. அதனால் ரேஷன் கார்டிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹைதராபாத்தில் ஒரு மூதாட்டி. பூண்டு உரித்துக் கொடுத்துப் பிழைப்பவர். கணவர் ரிக்‌ஷா இழுத்தவர், இப்போது உயிரோடு இல்லை. அவர் இருந்தபோதே, 2021-ல், அந்தக் குடும்பத்துக்கு ரேஷன் கிடையாது என்றாகிவிட்டது. காரணம் கேட்டால், வீட்டுக்காரர் பெயரில் கார் இருக்கிறதாம்! தெலங்கானா அரசிடம் ‘சமக்ர வேதிகா’ என்று ஒரு மென்பொருள். பல துறைகளின் பட்டியல்களைக் கோத்து, இங்கே இருக்கிற இந்தப் பெயரும் அங்கே இருக்கிற அந்தப் பெயரும் ஒரே ஆள்தான் என்று அதுவே கணித்துச் சொல்லும். ரிக்‌ஷாக்காரரின் பெயரை ஒத்த பெயருள்ள வேறொருவர் கார் வைத்திருந்தார். அவ்வளவுதான் விஷயம்.

பெயர்க் குழப்பம் எங்களுக்குப் பழகிய தலைவலி. ஒரே தெருவில் நான்கு முருகேசன் இருப்பார்கள், அதில் இரண்டு பேருக்கு அப்பா பெயரும் ஒன்றாக இருக்கும். இனிஷியலை ஒருவர் முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார். ‘பழனி’யை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் மூன்று கிளார்க் மூன்று விதமாக எழுதுவார்கள். தப்பு நானும் செய்திருக்கிறேன். ஒரு பாட்டியின் கார்டைப் போலி என்று நினைத்து நீக்கிவிட்டேன். அவர் நேரே வந்து கார்டை என் மேஜையில் அறைந்தார். கோப்பை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் என் இனிஷியல், தேதியோடு. மறுக்க வழியில்லை. அன்று சாயங்காலமே திருத்தத்துக்கு எழுதினேன்.

ஹைதராபாத் மூதாட்டி யார் மேஜையில் போய் அறைவார்? கணித்தது மென்பொருள். எப்படிக் கணித்தது என்று அதை வாங்கிய அதிகாரிக்காவது விளக்கத் தெரியுமா? முன்னறிவிப்பில்லாமல் கார்டுகளை ரத்து செய்தது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், சுமார் 19 லட்சம் கார்டுகளை வீடு வீடாகப் போய் விசாரிக்கும்படி 2022-ல் உத்தரவு வந்தது. வேலையை மிச்சம் பிடிக்க வாங்கிய மென்பொருள் கடைசியில் வருவாய் ஆய்வாளரை மறுபடி தெருவில் இறக்கிவிட்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஏப்ரலில், செயற்கை நுண்ணறிவுக்கென்று சட்டம் கொண்டுவரும் எண்ணமில்லை என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச் 1-ம் தேதி, சரியாகச் சோதிக்கப்படாத செயற்கை நுண்ணறிவு மாடல்களை மக்களிடம் விடுவதற்கு முன் அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்று ஓர் அறிவுறுத்தல் வந்தது. ஸ்டார்ட்-அப்காரர்கள் கூச்சல் போட்டார்கள். மார்ச் 15-ம் தேதி அனுமதி என்ற பேச்சையே எடுத்துவிட்டார்கள். நாங்கள் சர்க்குலரை வாபஸ் வாங்கக்கூட இதைவிட அதிக நாள் எடுத்துக்கொள்வோம்.

2025 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பி.ரவீந்திரன். ஏழு சூத்திரங்கள் வகுத்திருக்கிறார்கள். நியாயம், பொறுப்பு, புரியும்படி இருத்தல் எல்லாம் அதில் உண்டு. தடுப்பதைவிடப் புதுமைக்கு முன்னுரிமை என்பதும் உண்டு. இப்போதைக்குத் தனிச்சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டங்களே போதும் என்கிறார்கள். இந்த வாதத்தை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட மாட்டேன். ஐரோப்பா 2024-ல் பெரிய சட்டமே போட்டுவிட்டது என்பதற்காக நாமும் அதையே நகலெடுக்க வேண்டியதில்லை.

போலி வீடியோ விஷயத்தில் அரசு சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. 2023-ல் ஒரு நடிகையின் முகத்தை ஒட்டிய வீடியோ நாடெங்கும் சுற்றியபோது எழுந்த கோபம் அப்படி. 2026 பிப்ரவரியில் விதிகளைத் திருத்தி, செயற்கையாக உருவாக்கியதற்கு அடையாளம் இட வேண்டும், அரசோ நீதிமன்றமோ நீக்கச் சொன்னால் சமூக ஊடக நிறுவனங்கள் 3 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். முன்பு அது 36 மணி நேரம். நடிகைக்கு நேர்ந்தது அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. பூண்டு உரிப்பவரின் அரிசி நின்றுபோனதற்கு வீடியோ கிடையாது.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்ததே என்பீர்கள். ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படுத்தும் தகவல் சரியாக இருக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவு இருக்கிறது, நல்ல பிரிவு. ஆனால், மானியம், சலுகை தருவதற்காக அரசு நம் தகவலைக் கையாள வேண்டுமென்றால் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டியதில்லை. அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளவும் முடியும். இயந்திரம் எடுத்த முடிவுக்கு விளக்கம் கேட்கும் உரிமை அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. கம்பெனிக்காரனைக் கட்டுப்படுத்துவது பற்றித்தான் நாம் மாய்ந்து மாய்ந்து பேசுகிறோம். ஏழைக்கு எதிரே இருக்கும் இயந்திரம் பெரும்பாலும் சர்க்கார் இயந்திரம்.

தமிழ்நாடு 2020-லேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. மக்களிடம் விடுவதற்கு முன் ஒவ்வொரு மென்பொருளையும் பாரபட்சம், தனியுரிமை, தணிக்கை என்று அளந்து மதிப்பெண் போட ஏற்பாடு செய்தது. பாராட்ட வேண்டிய யோசனை. கொள்கை என்பது சட்டமல்ல, அதைக் கையில் வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போக முடியாது என்பதுதான் குறை. கேரள உயர் நீதிமன்றத்தைப் பாருங்கள். 2025-ல் மாவட்ட நீதிமன்றங்களுக்கு ஒரு கொள்கை அனுப்பியது. தீர்ப்புக்கோ உத்தரவுக்கோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தக் கூடாது. அந்த ஒரு வரி எந்த குமாஸ்தாவுக்கும் புரியும்.

2023-ல் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பித்தபோது எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு நிராகரிப்பு எஸ்.எம்.எஸ். வந்தது. நான்கு சக்கர வாகனம் இருக்கிறதாம். அவர் வீட்டுக்காரர் என்றோ விற்ற பழைய வேன், பெயர் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். இதில் செயற்கை நுண்ணறிவு எதுவும் இல்லை, வெறும் பட்டியல் ஒப்பீடுதான். ஆனால் காரணம் சொல்லியிருந்தார்கள். 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்றும் இருந்தது. இ-சேவை மையத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, வேன் விற்ற ரசீதை ஸ்கேன் செய்து ஏற்றினோம். ரசீதின் ஒரு மூலையைக் கரையான் அரித்திருந்தது. நல்ல வேளை, தேதி தப்பியிருந்தது. வணக்கம்.