கல் பங்களாவில் படித்தவர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

உதகை அரசு கலைக் கல்லூரியில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் படித்தவர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, ஆண்டுக்கு ஒரு முறை சிறு மடலாக அச்சிட்டு அனுப்பும் வேலை சில காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. யார் எங்கே இருக்கிறார், யார் படுக்கையில் இருக்கிறார், யார் மறைந்தார் என்பவைதாம் அதில் வரும். அந்த மடலுக்கு நண்பர்கள் எதை எழுதி அனுப்ப வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

கோவை ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களாவில், 1955இல் பிறந்த கல்லூரி எங்களுடையது. குன்னூர், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய நிலையங்களில் மலை ரயில் ஏறி வந்தவர்களும், ஹட்டிகள் எனப்படும் சிற்றூர்களிலிருந்து நடந்தே வந்த, நீலகிரியின் படகர் சமூகத்துப் பிள்ளைகளும், பின்னர் 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பாரதியார் பல்கலைக்கழகம் 1982இல்தான் வந்தது என்பதால் எங்கள் பட்டச் சான்றிதழ்களில் இருப்பது சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரை. அதைப் பார்த்துவிட்டு, தாத்தா சென்னையில் படித்தவர் என்று பெருமை பேசும் பேரப்பிள்ளைகளை நான் திருத்துவதில்லை.

இப்படிப்பட்டவர்கள் அனுப்பும் செய்தியோ பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கிறது: வகித்த பதவி, ஓய்வு பெற்ற ஆண்டு, மகன் பெங்களூரில், மகள் அமெரிக்காவில். இவற்றை நான் இரண்டு வரியில் முடித்துவிடுகிறேன். உருளைக்கிழங்கில் நூற்புழு இருப்பது 1961இல் இந்த மாவட்டத்தில் கண்டறியப்பட்ட பிறகு, தன் தகப்பனார் கிழங்கு விளைந்த மேட்டில் எப்படித் தயங்கித் தயங்கித் தேயிலை நட்டார் என்று ஒரு நண்பர் எழுதியதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுத்தேன். இந்து நகரில் இருந்த பிலிம் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த இன்னொருவர், வெளிச்சம் பட்டால் சரக்கு கெட்டுவிடும் என்பதால் பணி நேரத்தின் பெரும்பகுதியை இருட்டறையில் கழித்ததையும், பக்கத்தில் நிற்பவரைக் குரலாலும் செருப்பொலியாலும் அடையாளம் கண்டுகொண்டதையும் சொன்னார். அந்த ஆலை நொடித்துப் போனது ஊருக்கே தெரியும். இருட்டில் வேலை செய்தவரின் பழக்கங்கள் அவர் சொன்னால்தான் தெரியும்.

அஞ்சலிக் குறிப்புகளின் நிலை இன்னும் மோசம். எல்லோரும் அன்பானவர்கள், எல்லோரும் கடமை தவறாதவர்கள். இதில் படகர்களின் வழக்கத்தை நாம் கொஞ்சம் கவனிக்கலாம் என்பது என் எண்ணம். அவர்கள் சாவுச் சடங்கில் பெரியவர் ஒருவர் நின்று, மனிதன் செய்யக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இறந்தவர் செய்திருந்தால் அவை நீங்கட்டும் என்று வேண்ட, கூடியிருப்போரும் அதை வழிமொழிவார்கள். குறையே சொல்லாத அஞ்சலியைவிட, குறையைச் சொல்லி விடுவிக்கும் அந்த முறையில் இறந்தவர் மனிதராகவே இருக்கிறார். விடுதியில் எல்லோரிடமும் கைமாற்று வாங்கித் திருப்பித் தராதவர், தேர்வுக்கு முதல் நாள் மட்டும் தன் குறிப்பேட்டை ஒளித்து வைத்தவர் என்று எழுதினால் குடும்பத்தார் வருந்துவார்களே என்று கேட்கிறார்கள். அப்படி எழுதிய ஒரு குறிப்பைப் படித்த மகள், அப்பா வீட்டிலும் அப்படித்தான் என்று தொலைபேசியில் சிரித்தார்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி இன்னொரு வேண்டுகோள். எங்களோடு படித்த பெண்கள் எண்ணிக்கையில் குறைவு; திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தும் ஊரும் மாறிவிட்டதால் அவர்களைத் தேடிப் பிடிப்பது கடினமாக இருக்கிறது. புகுமுக வகுப்பு மட்டும் படித்துவிட்டு நின்றவர்கள், தாங்கள் பட்டம் வாங்கவில்லையே என்று ஒதுங்கியிருக்கிறார்கள். அவர்களும் பழைய மாணவர்களே. இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் அத்தகைய சகோதரிகள், தந்தையின் தலைப்பெழுத்தோடு அன்றைய பெயரையும், படித்த ஆண்டையும், பிறந்த ஊரையும் எழுதி, கல்லூரி முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும். நன்றி, வணக்கம்.