இசைவிழாக் குளிசையும் நமது வீட்டுப் பிள்ளைகளும்

(மேற்கு சிட்னியில் நடைபெற்ற தமிழ்ப் பெற்றோர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை எதுவும் பெறாமல் இன்று மாலை நமக்குத் தந்துதவிய ஆலய அறங்காவலர் சபையினரே, வேறொரு நிகழ்ச்சியை இடையில் விட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கௌரவ நகரசபை உறுப்பினர் அவர்களே, சனிக்கிழமைதோறும் நமது பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் அதிபர் மற்றும் ஆசிரியப் பெருமக்களே, என்னைவிட இப்பொருளை நன்கறிந்த மருத்துவர்களே, மதியம் தொடக்கம் சமையற்கட்டில் நின்று நமக்கெல்லாம் சிற்றுண்டி ஆயத்தம் செய்த மாதர் அணிச் சகோதரிகளே, பெற்றோர்களே, பின்வரிசையில் சுவரோரமாக நிற்கும் தம்பி தங்கைமாரே, உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம். குறிப்பாகத் தலைவர் அவர்களுக்கு நான் நன்றி சொல்லியாக வேண்டும். இந்தத் தலைப்பை ஆலய மண்டபத்தில் பேசலாமா என்று சிலர் கேட்டபோது, இங்கே பேசாவிட்டால் வேறு எங்கே பேசுவது என்று அவர் உறுதியாக நின்றார்.

எம்.டி.எம்.ஏ. என்ற இரசாயனத்தைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். எக்ஸ்டசி என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிள்ளைகள் இங்கே அதைக் ‘கப்ஸ்’ என்றும் ‘பிங்கர்ஸ்’ என்றும் சொல்வார்கள். மூன்று விடயங்களைச் சொல்ல எண்ணியுள்ளேன். இது உடம்பில் என்ன செய்கிறது என்பது முதலாவது. சட்டம் இதை எவ்வாறு கையாள்கிறது என்பது இரண்டாவது. போரின் வடுக்களைச் சுமக்கும் நம்மைப் போன்றோருக்கு மனநல மருத்துவர் கையில் இதே பொருள் என்ன செய்யக்கூடும் என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் அடியில் நம் முன்னோர் சொன்ன ஒரு பழமொழி இருக்கிறது: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. என் தொழில்வாழ்க்கை முழுவதும் மருந்துப் போத்தல்களுக்கு நடுவில் கழிந்தது. அதனால் இந்தப் பழமொழியை நான் மருந்தியலின் முதற்பாடமாகவே கொள்கிறேன்.

இது நேற்று முளைத்த பொருள் அல்ல. ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலுள்ள மெர்க் நிறுவனம், இரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தொன்றைத் தேடிய ஆய்வின் இடையில் இதை உருவாக்கி, 1912 ஆம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. பின்பு பல பத்தாண்டுகள் எவரும் இதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் சில உளவள மருத்துவர்கள் இதைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதே காலத்தில் இது கேளிக்கை விடுதிகளுக்கும் பரவியதால் 1985 இல் அந்நாட்டு அரசு தடைசெய்தது. 1980களின் இறுதியில் இங்கிலாந்தின் நடன அரங்குகளை இது பிடித்துக்கொண்டது. அங்கிருந்து உலகெங்கும் போயிற்று.

இதை விழுங்கிய அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், மூளையின் நரம்புக்கலங்கள் சேமித்து வைத்திருக்கும், மனநிலையை ஆளும் செரோட்டோனின் என்ற இரசாயனம் பெருமளவில் வெளியே கொட்டப்படுகிறது. சாதாரணமாக அதைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாயில், இந்த மருந்தினால் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. நோரட்ரினலினும் டோபமினும் கூடவே வெளிப்படுகின்றன. பக்கத்தில் நிற்பவரெல்லாம் உறவினர் போலத் தோன்றும், களைப்புத் தெரியாது, தாகமும் சூடும் உணரப்படா. பிள்ளைகள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை, ஏனெனில் அந்த இன்பம் உண்மையானது, அதை அனுபவித்த பிள்ளை நாம் பொய் சொல்வதாக எண்ணினால் அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டாது. ஆனால் அதே வேளையில் இதயம் வேகமாக அடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, தாடை இறுகிப் பற்கள் ஒன்றோடொன்று உரசுகின்றன, உடம்பின் வெப்பநிலை உயர்கிறது. இரண்டு மூன்று நாட்கள் கழித்து, வார நடுவில், காரணம் தெரியாத சோர்வும் அழுகையும் வரும்.

உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த வெப்பமே. கோடை வெயிலில், சனநெரிசலில், மணிக்கணக்காக ஆடும் உடம்பு 40 பாகை செல்சியஸைத் தாண்டும்போது தசைகள் சிதைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது, இரத்தம் உறையும் ஒழுங்கு குலைகிறது, ஈரலும் செயலிழக்கலாம். இத்தகைய காய்ச்சலுக்குப் பனடோல் கொடுத்துப் பயனில்லை என்பதைத் தாய்மார் தயவுசெய்து மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். சாதாரணக் காய்ச்சலில் மூளையின் வெப்பச் சமநிலை மாறுவதைப் பனடோல் சரிசெய்கிறது; இங்கே சூடு பிறப்பது தசைகளிலிருந்து. உடம்பை நனைத்து, காற்று வீசி, கக்கத்திலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டி வைத்து, உடனடியாக மூன்று சைபர் என்ற அவசர இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்.

சூடு ஆபத்து என்றால் தண்ணீர் குடித்தால் தீராதா என்று கேட்பீர்கள். 1995 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஒரு பெண்பிள்ளை தன் பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில் ஒரு குளிசை உட்கொண்டார். சூடு ஏறாமல் தண்ணீர் குடிக்கவேண்டும் என்று கேள்விப்பட்டிருந்த அவர், ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 7 லீற்றர் தண்ணீர் குடித்தார். இந்த மருந்து, சிறுநீரைத் தடுத்து வைக்கும் ஹோர்மோனைத் தூண்டிவிடுவதால் குடித்த நீர் வெளியேறவில்லை. இரத்தத்தின் சோடியம் தாழ்ந்து, மூளை வீங்கி, நினைவு திரும்பாமலே சில நாட்களில் அவர் இறந்துபோனார். பெண்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நாம் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையைக் கொன்றதில் வெறும் தண்ணீருக்கும் பங்கிருந்தது. ஆடுகிறவர் மணிக்கு அரை லீற்றர் அளவில் சிறிது சிறிதாகக் குடித்தால் போதும்.

அளவு என்று சொன்னேன். 1990களில் ஒரு குளிசையில் பெரும்பாலும் 50 முதல் 80 மில்லிகிராம் வரை மருந்து இருந்தது. இப்போது ஐரோப்பாவில் 150 மில்லிகிராமைத் தாண்டிய குளிசைகள் சாதாரணம். 300 மில்லிகிராம் கொண்டவையும் பிடிபட்டுள்ளன. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. அத்துடன், இந்த மருந்து தன்னை அழிக்கவேண்டிய ஈரல் நொதியத்தையே முடக்கிவிடுகிறது. எனவே இரண்டாவது குளிசை விழுங்கும்போது இரத்தத்தில் மருந்து இரட்டிப்பாவதோடு நிற்பதில்லை, அதற்கும் மேலாக ஏறுகிறது. சில வேளைகளில் பி.எம்.ஏ. என்ற வேறொரு பொருள் இதே பெயரில் விற்கப்படுகிறது. அது மெதுவாக வேலை தொடங்குவதால், முதற் குளிசை பலிக்கவில்லை என்றெண்ணி இரண்டாவதை விழுங்கியோர் பலர் உலகின் பல நாடுகளில் மாண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். நான் இன்னும் மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம். கடை மூடும் நேரத்தில் நம்மவர் ஒருவர், ஒரு தாய், உள்ளே வந்தார். ஏனைய வாடிக்கையாளர் போகும்வரை விற்றமின் அடுக்குகளுக்கு அருகில் நின்று ஒவ்வொரு போத்தலாக எடுத்து வாசிப்பதுபோல் பாவனை செய்தார். பிறகு கைப்பையிலிருந்து விபூதிப் பொட்டலம் போல் மடித்த கடதாசியொன்றை எடுத்து என் முன்னே விரித்தார். நீல நிறக் குளிசை ஒன்று. அதன் மேல் விலையுயர்ந்த கார் ஒன்றின் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. “அண்ணை, இது என்ன குளிசை எண்டு பாத்துச் சொல்லுங்கோ. மகன்ரை ஜீன்ஸ் தோய்க்கப் போட எடுக்கேக்கை கிடந்தது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்றார்.

பிள்ளையிடம் ஏதும் மாற்றம் கண்டீர்களா என்று கேட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவன் பல்லை நெருமிக்கொண்டே படுத்திருந்ததாகவும், அப்பம்மா அதைப் பார்த்து “பெடிக்கு வயித்திலை பூச்சி” என்று தீர்ப்புச் சொல்லி, பூச்சிக் குளிசை வாங்கிக் கொடுக்கச் சொன்னதாகவும் அவர் சொன்னார். வாங்கியும் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளையும் மறுபேச்சின்றி அதைக் குடித்திருக்கிறான். அன்று இந்தக் கதையைச் சொல்லும்போது அந்தத் தாய்க்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. நீங்களும் இப்போது சிரித்தீர்கள். நம் ஒவ்வொருவர் வீட்டிலும் அப்படியொரு அப்பம்மா இருக்கிறார், அவருடைய அன்பில் குறையொன்றும் இல்லை.

பதிவு செய்யப்பட்ட மருந்து ஒவ்வொன்றுக்கும் நிறம், வடிவம், பொறிப்பு என்று அடையாளம் உண்டு. இது எந்தப் பட்டியலிலும் இல்லை. எக்ஸ்டசியாக இருக்கலாம் என்று சொன்னேன். “இருக்கலாம் எண்டா? உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு பாக்க ஏலாதோ?” என்று அவர் கேட்டார். இத்தனை வைத்தியசாலைகளும் ஆய்வுகூடங்களும் உள்ள இந்த மாநகரத்தில், ஒரு தாய் பயமின்றிக் கொண்டுபோய்ச் சோதிப்பிக்க ஓரிடமும் இருக்கவில்லை. பிள்ளையைத் திட்டாதீர்கள், முகத்துக்கு நேரே நிறுத்திக் கேட்காதீர்கள், காரில் போகும்போது கேளுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அவர் அப்படியே எம் 4 நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவனுடைய நண்பன் ஒருவன் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவன். அந்த மருந்து செரோட்டோனின் வாயிலை ஏற்கெனவே அடைத்திருந்ததால் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனவே இசைவிழாவில் மேலும் மேலும் விழுங்கி, வாந்தியெடுத்து, புல்தரையில் மயங்கிக் கிடந்திருக்கிறான். மருத்துவக் கூடாரம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதன் அருகில் பொலிஸார் நாய்களுடன் நின்றதால் ஒருவரும் அவனைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அந்தப் பிள்ளை பிழைத்தது.

எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 2019 ஜனவரியில், இங்கிருந்து அதிக தூரமில்லாத பரமட்டா பூங்காவில் நடந்த இசைவிழாவுக்குச் சென்ற 19 வயதுப் பெண்ணொருவர், வாசலில் பொலிஸாரிடம் பிடிபடுவோமோ என்ற அச்சத்தில், கையிலிருந்தவற்றை உள்ளே போகுமுன்பே ஒன்றாக விழுங்கினார், அன்றே இறந்தார். 2017 டிசம்பர் முதல் அந்த ஜனவரி வரை நியூ சவுத் வேல்ஸ் இசைவிழாக்களில் இவ்வாறு இறந்த ஆறு பேரும் 18 முதல் 23 வயதுக்குட்பட்டவர்கள். அவர்களைப் பற்றிய மரண விசாரணையை நடத்திய துணை மாநில மரண விசாரணை அதிகாரி ஹரியட் கிரேம் அம்மையார், 2019 நவம்பரில் தம் முடிவை வெளியிட்டார். மருந்துப் பரிசோதனை நிலையங்களைத் திறக்குமாறும், இசைவிழாக்களில் மோப்ப நாய்களை நிறுத்துமாறும், ஆடை களைந்து சோதிப்பதைக் கட்டுப்படுத்துமாறும் அவர் பரிந்துரைத்தார். கலப்படம்தான் கொல்கிறது, நல்ல சரக்கு கொல்லாது என்று நம்பும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன்: அந்த ஆறு மரணங்களுக்கும் காரணமாகக் காணப்பட்டது எம்.டி.எம்.ஏ.தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமே நஞ்சாகும்போது, அளவே தெரியாத குளிசையைப் பற்றி என்ன சொல்வது?

சட்டத்தைப் பற்றிப் பேச வேண்டியதில் முக்கியமானது இதுவே. அச்சமும் ஒரு மருந்துதான். அதற்கும் அளவு உண்டு. வாசலில் நிறுத்திய நாய் அந்தப் பெண்ணைப் போதையிலிருந்து தடுக்கவில்லை, விழுங்கும் வேகத்தையே கூட்டியது. கன்பராவில் 2018 இலும் 2019 இலும் இசைவிழாவுக்குள்ளேயே பரிசோதனைக் கூடாரம் அமைத்தார்கள். 2019 இல் ஏழு மாதிரிகளில் என்-எதில்பென்டிலோன் என்ற கொடிய பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. கொண்டுவந்தவர்கள் அனைவரும் அவற்றை அங்கேயே தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். 2022 ஜூலை முதல் அந்நகரில் கன்டெஸ்ட் என்ற நிலையான இடம் இயங்குகிறது. கட்டணமில்லை, பெயர் கேட்பதில்லை. குளிசையிலிருந்து சிறு துகளைச் சுரண்டி எடுத்துச் சோதித்து, என்ன இருக்கிறது என்று சொல்கிறார்கள். இது போதைக்குப் பச்சைக்கொடி காட்டுவதாகும் என்று எதிர்ப்போர் சொல்வதை நான் மதிப்புடன் கேட்டிருக்கிறேன். ஆனால் அங்குள்ள எந்தப் பணியாளரும் ‘இது பாதுகாப்பானது’ என்று சொல்வதில்லை. உட்கொள்ளாதிருப்பதே பாதுகாப்பு என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சுகாதாரப் பணியாளருடன் இதைப் பற்றிப் பேசும் வாய்ப்பு அந்தப் பிள்ளைக்கு அங்கேதான் கிடைக்கிறது. நமது மாநிலமும் 2025 இல், தெரிந்தெடுத்த இசைவிழாக்களில் மட்டும், இதைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. விழா நடக்கும் வயலில் மட்டும் இருந்தால் போதுமா? நீலக் குளிசையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய் எந்த விழாவுக்குப் போவார்?

மூன்றாவது விடயத்துக்கு வருகிறேன். 2023 ஜூலை முதல் இந்நாட்டில் அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள், கடும் அதிர்ச்சியின் பின்விளைவால் துன்புறுவோருக்கு, மேற்பார்வையின் கீழ் இதே மருந்தைக் கொடுக்க அனுமதி உண்டு. அளந்த மருந்து, அருகில் மருத்துவர், முன்கூட்டிய இதயப் பரிசோதனை என்பவையெல்லாம் அங்கே உண்டு. சந்தையில் வாங்கும் குளிசைக்கு இவற்றில் ஒன்றும் இல்லை.

கௌரவ நகரசபை உறுப்பினர் அவர்களே, நீங்கள் இங்கே வந்தமைக்கு மீண்டும் நன்றி. மாநில சுகாதார அமைச்சருக்கு நாங்கள் எழுதியுள்ள கடிதத்தில் மூன்று கோரிக்கைகள் உள்ளன: வெஸ்ட்மீட் சுற்றுப்புறத்தில் மாலை வேளைகளில் திறந்திருக்கும் நிரந்தரப் பரிசோதனை நிலையம் ஒன்று, இசைவிழா வாசல்களிலிருந்து மோப்ப நாய்களை அகற்றுதல், தமிழ் உட்பட இப்பகுதி மக்களின் மொழிகளில் அறிவுறுத்தல். இதற்கு ஆதரவாக உங்கள் சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டுமென்று இச்சபையின் முன்னிலையில் கேட்டுக்கொள்கிறேன்.

கடிதத்தின் பிரதிகள் வாசலருகே, சிற்றுண்டி மேசைக்கு இடப்பக்கத்தில் உள்ளன. அதன் பின்பக்கத்தில் 13 11 26 என்ற நச்சுத்தகவல் நிலையத்தின் தொலைபேசி இலக்கத்தை அச்சிட்டிருக்கிறோம். நாட்டின் எப்பகுதியிலிருந்தும் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கையொப்பமிட விரும்பாதவர்களும் அந்தத் தாளை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். கோடை இசைவிழாக்கள் தொடங்குமுன், செப்டம்பர் மாத இறுதிக்குள் கடிதத்தை அமைச்சரின் அலுவலகத்தில் நேரில் ஒப்படைக்கவுள்ளோம். உடன்வர விரும்பும் பெற்றோரும் இளைஞரும் செயலாளரிடம் இன்றே பெயர் கொடுங்கள்.