வெட்டினால் விரியும் தமனி

நேயர்களுக்கு வணக்கம். இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் சுவர் எவ்வளவு பாரம் தாங்குகிறது? இரத்த அழுத்தம் 120 மி.மீ. பாதரசம் என்றால், அது சுமார் 16 கிலோபாஸ்கல். அதைக் குழாயின் ஆரம் 12 மில்லிமீட்டரால் பெருக்கி, சுவரின் தடிமன் 2 மில்லிமீட்டரால் வகுத்தால் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல் வரும். இதுதான் சுவரின் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பு தாங்கும் விசை. ஒரு சதுர சென்டிமீட்டர் திசுவில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்ட மாதிரி.

ஆனால் இது சராசரி. உள்பக்கம், வெளிப்பக்கம் என்று பிரித்துக் கணக்கிட்டால், சுவரின் உட்பக்கத் தகைவு மட்டும் பல மடங்கு எகிறியது. இந்தச் சிக்கலை 1980-களில் உயிரி இயந்திரவியல் அறிஞர் ஒய். சி. ஃபங்கும் வேறு சிலரும் ஒரே வெட்டில் அவிழ்த்தார்கள். தமனியிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து, ஓரிடத்தில் நறுக்கினால் அது தானாகவே விரிந்துகொள்கிறது. இரத்த அழுத்தமே இல்லாதபோதும் சுவருக்குள் தகைவு ஒளிந்திருக்கிறது என்று பொருள். உட்பக்கம் முன்கூட்டியே அமுங்கியும் வெளிப்பக்கம் இழுபட்டும் இருப்பதால், அழுத்தம் ஏறும்போது பாரம் சுவர் முழுக்க ஓரளவு சமமாகப் பரவுகிறது. மிக அழகான ஏற்பாடு இது!

சென்னையில் இதைச் செய்துபார்க்க ஆட்டின் பெருந்தமனி போதும். ஆட்டுத்தொட்டியில் (ஆடு அறுக்கும் கூடத்தில்) காலையில் வாங்கி, உப்புக்கரைசலில் போட்டு, ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து அன்றைக்கே சோதிக்க வேண்டும். உறையவிட்டால் திசு பழுதாகும். ஒட்டியிருக்கும் கொழுப்பை நீக்கி, 2 முதல் 3 மி.மீ. அகலத்தில் வளையம் நறுக்குங்கள். கரைசல் நிறைந்த தட்டில் போட்டு வெட்டி, அரை மணி நேரம் விட்டு, நேர் மேலிருந்து படம் எடுங்கள். வளையம் தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டால் உராய்வு அதை விரியவிடாது. கோணம் குறைவாக வரும். உட்சுவரின் நடுப்புள்ளியிலிருந்து இரு நுனிகளுக்கும் கோடு போட்டால், நடுவில் கிடைப்பதுதான் விரிகோணம்.

தடிமன் அளப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வெர்னியர் அளவியின் தாடை மெத்தென்ற திசுவை அமுக்கிவிடும். 2 மி.மீ. இருப்பது 1.8 என்று பதிவானால், தகைவு 11 சதவீதம் கூடுதலாகக் காட்டும். பிறகு எவ்வளவு நுணுக்கமான கணினி மாதிரி போட்டாலும் அந்தப் பிழை போகாது. பக்கவாட்டில் கேமரா வைத்து, அருகே ஓர் அளவுகோலையும் சேர்த்துப் படமெடுத்து அளப்பதே மேல்.

அடுத்து, வளையத்தை இழுத்து, எவ்வளவு நீட்சிக்கு எவ்வளவு தகைவு என்று வளைகோடு வரையலாம். இழுத்துச் சோதிக்கும்போது கரைசல் 37 டிகிரியில் இருக்கட்டும். முதல் பத்துச் சுற்று பாரத்தை ஏற்றி இறக்கி, வளைகோடுகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்த பிறகே பதிவைத் தொடங்குங்கள். தொடக்கத்தில் எலாஸ்டின் என்னும் ரப்பர் போன்ற புரதம் இளகிக்கொடுக்கும், கோடு தாழ்ந்தே போகும். சுருண்டிருந்த கொலாஜன் என்னும் விறைப்பான புரத இழைகள் நிமிர்ந்ததும் செங்குத்தாக ஏறும். வயது ஏற ஏற எலாஸ்டின் துண்டுபடுகிறது. உடம்பு அதை மறுபடி சரிவர உண்டாக்குவதில்லை, பாரம் கொலாஜன் மேல் விழுகிறது. அதனால்தான் முதியவர் தமனியில் அந்தச் செங்குத்தான ஏற்றம் சீக்கிரமே தொடங்கிவிடுகிறது.