நாடு வளர்ந்தால் ஜனநாயகம் தானாக வருமா?

(காட்சி: சியோல் வீதிகள், ஜூன் 1987)

தென்கொரியாவில் ராணுவ ஆட்சியை எதிர்த்து மாணவர்கள் திரண்டிருக்கிறார்கள். கண்ணீர்ப்புகைக்கு நடுவே டை கட்டியவர்களும் நிற்பதைக் கவனியுங்கள். அலுவலகங்களிலிருந்து இறங்கி வந்த ஊழியர்கள் அவர்கள். சாலையில் போகும் கார்கள் ஹாரன் அடித்து ஆதரவு தெரிவிக்கின்றன. இந்த நடுத்தர வர்க்கம் பெருகியதே ராணுவ ஆட்சிக் காலத்துத் தொழில் வளர்ச்சியில்தான். ஜூன் 29 அன்று ஆளுங்கட்சி பணிந்தது. அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க ஒப்புக்கொண்டது.

தைவானிலும் 38 ஆண்டுகள் நீடித்த ராணுவச் சட்டம் அடுத்த மாதமே விலக்கப்பட்டது.

(காட்சி: உலக வரைபடம்)

செல்வமும் படிப்பும் பெருகிய நாடுகளில்தான் ஜனநாயகம் நிலைக்க வாய்ப்பு அதிகம் என்று 1959-ல் சமூகவியலாளர் சீமோர் மார்ட்டின் லிப்செட் வாதிட்டார். சரி, அப்படியானால் சிங்கப்பூர்? அவ்வளவு பணக்கார நாட்டில் 1959 முதல் இன்றுவரை ஒரே கட்சியின் ஆட்சி. 2001-ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தபோது, சந்தை திறந்தால் அரசியலும் திறக்கும் என்று மேற்கத்தியத் தலைவர்கள் பலர் நம்பினார்கள். 2018-ல் அங்கே அதிபரின் பதவிக்கால வரம்பையே நீக்கிவிட்டார்கள்.

1997-ல் அரசியல் அறிஞர்கள் ஆடம் ப்ஷெவோர்ஸ்கியும் ஃபெர்னாண்டோ லிமோங்கியும் வேறொரு பதில் சொன்னார்கள். வளர்ச்சி சர்வாதிகாரத்தைக் கவிழ்ப்பதில்லை. எந்தக் காரணத்தாலோ வந்துவிட்ட ஜனநாயகத்தைக் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

என்னைக் கேட்டால், எவ்வளவு பணம் என்பதைவிட அது யார் கை வழியாக வருகிறது என்பதுதான் முக்கியம். சவூதி அரசுக்கு எண்ணெய்க் கிணறுகளே பெரும்பங்கு வருமானம் தருகின்றன. குடிமக்களின் சம்பளத்துக்கு அங்கே வருமான வரி கிடையாது. வருமான வரி கட்டாதவர் அரசிடம் கணக்குக் கேட்பதும் கடினம். சீனாவில் 2002 முதல் தொழிலதிபர்களையே கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்களாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆட்சியை நம்பிப் பிழைப்பவர் ஆட்சியை எதிர்த்து எதற்காகத் தெருவுக்கு வரப் போகிறார்?

கொரியாவின் கதை வேறு. அங்கே ஆட்சி நம்பியிருந்தது தொழிற்சாலைகளையும் அதில் வேலை செய்தவர்களையும்.

(காட்சி: சியோல் தையற்கூடங்கள், 1970)

தாழ்ந்த கூரை, பஞ்சுத் தூசி, நாள் முழுக்கத் தையல் எந்திரத்தின் முன் குனிந்திருக்கும் இளம்பெண்கள். தொழிலாளர் சட்டம் புத்தகத்தில் இருந்தது, நடைமுறையில் இல்லை. 1970 நவம்பர் 13 அன்று, "நாங்கள் எந்திரங்கள் அல்ல" என்று முழங்கித் தீக்குளித்தார் தையல் தொழிலாளி ஜியோன் டே-இல். அவருக்கு வயது 22. அதே மாதம் அங்கே தொழிற்சங்கம் உருவானது. 1987-க்கு முந்தைய 17 ஆண்டுகளில் சங்கங்களும் தேவாலயங்களும் மாணவர் அமைப்புகளும் அடி வாங்கி அடி வாங்கித்தான் வளர்ந்தன. பொருளாதார வரைபடத்தின் ஏறுமுகக் கோட்டில் இவர்கள் யாருமே தெரியமாட்டார்கள்.

அப்புறம், வளர்ச்சி நின்றுபோனதாலும் சர்வாதிகாரம் விழுந்திருக்கிறது. இந்தோனேசியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சுகார்த்தோ, 1997-ல் நாட்டு நாணயமான ரூபியா சரிந்து விலைவாசி எகிறியதும் 1998 மே மாதம் பதவி விலகினார்.

(காட்சி: வாக்குச்சாவடி வரிசை, டிசம்பர் 1987)

கொரியாவில் அந்த நேரடித் தேர்தல் நடந்தது. கிம் யங்-சாம், கிம் டே-ஜுங் என்ற இரு எதிர்க்கட்சித் தலைவர்களும் தனித்தனியே நின்று வாக்கைப் பிரித்தார்கள். வென்றவர் பழைய ஆட்சியின் வேட்பாளர், முன்னாள் ராணுவத் தளபதி ரோ டே-வூ. எதிர்க்கட்சியிடம் ஆட்சி கைமாற 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.